சுவருக்கு அப்பால் மரங்கள்

ஜூலை 8, திங்கள்

மகுடபதி சாரிடம் கொடுக்கிற டைரி வேறு. அது நீல அட்டை போட்டது. வாராவாரம் பார்த்துக் கையெழுத்துப் போடுவார், அதற்கு மதிப்பெண்ணும் உண்டு. கட்டிடக்கலை படிக்கிறவர்கள் தினமும் யோசித்ததை எழுதிவைக்க வேண்டுமாம். அதில் இன்றைக்கு "தளத்தின் அமைதி என்னைக் கவர்ந்தது" என்று எழுதியிருக்கிறேன். அமைதியும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. உள்ளதை எங்கேயாவது கொட்டாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும். அதற்குத்தான் இந்த நோட்டு.

நான்காம் வருட டிசைன் ப்ராஜெக்டை இன்று கொடுத்தார்கள். கல்லூரியின் மேற்கு மூலையில் ஒரு கண்காட்சிக் கூடம். இரண்டிரண்டு பேராகச் செய்ய வேண்டும். முதலில் வருவதை நிர்வாகம் நிஜமாகவே கட்டப்போகிறது. தலைப்பு, "சுற்றுப்புறத்தோடு பேசும் கட்டிடம்". சார் அதைப் பலகையில் எழுதிவிட்டு, "கட்டிடம் தனித் தீவு இல்ல. பக்கத்துல யார் இருக்காங்க, எப்படி வர்றாங்க, எப்படிப் போறாங்க, அதுதான் டிசைனே" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் சைட் வரைபடத்தைக் கொடுத்தார். கல்லூரிக்குள் இருக்கிற வேப்பமரம், தண்ணீர்த் தொட்டி, வாட்ச்மேன் நாற்காலி போடும் மேடை வரைக்கும் அதில் இருக்கிறது. மேற்குச் சுவரைத் தாண்டினால் வெறும் வெள்ளைத் தாள்.

அந்த வெள்ளையில்தான் எங்கள் ஊருணித் தெரு இருக்கிறது. என் வீடும் இருக்கிறது.

நான் முதல் வருடம் சேர்ந்தபோது பெய்த மழையில் அந்தச் சுவரில் ஒரு பகுதி விழுந்தது. அதன்பிறகு தெரு ஆட்கள் அந்த ஓட்டை வழியாக நுழைந்து, கல்லூரி ஓரமாகவே நடந்து மெயின் ரோட்டுக்குப் போகிறார்கள். கல்லூரி வருவதற்கு முன்னால் அதுதான் வண்டிப்பாதை. அதை விட்டால் ரயில்வே சப்வே. மழை பெய்தால் அது குளம். அப்பா சென்ட்ரிங் வேலையில் சாரத்திலிருந்து விழுந்த நாளிலிருந்து கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர வண்டியில்தான் போகிறார். கல்லூரி பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து பை தைத்து, ஜிப் மாற்றிக் கொடுக்கிறார். அந்த ஓட்டை இருப்பதால்தான் அவருக்குப் பிழைப்பு இருக்கிறது.

நானும் அந்த வழியாகத்தான் வருகிறேன். ஓரமாகவே மெயின் ரோடு வரை போய், பஸ்ஸிலிருந்து இறங்கினவள் மாதிரி திரும்பி முன்வாசல் வழியாக நுழைவேன். கல்லூரியில் நான் பாண்டீஸ்வரி இல்லை, ஈஷு. வீடு எங்கே என்று கேட்டால் "திருமங்கலம் பக்கம்". ஊருணித் தெரு என்று சொன்னால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். பஸ் ஸ்டாப்பில் அப்பாவும் நானும் பேசிக்கொள்வதில்லை. அது அவரே சொன்ன ஏற்பாடு. நான் கேட்கவில்லை.

ஜூலை 10, புதன்

சைட் விசிட். மொத்த வகுப்பும் கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு சுவர் ஓட்டைக்கு முன்னால் போய் நின்றது. என்னோடு சேர்த்திருப்பது அஸ்வத்தை. நல்லவன்தான். அதுதான் எரிச்சல். திட்டலாம் என்று பார்த்தால் பிடி கொடுக்க மாட்டான்.

எங்கள் கூரையில் போட்ட நீலத் தார்ப்பாயை அவன் மூன்று கோணத்தில் படம் எடுத்தான். "செம டெக்ஸ்சர்ல, ஈஷு?" என்றான். அது ஒழுகுகிற இடம் என்று எனக்குத் தெரியும். "ம்" என்றேன்.

தெருக்குழாயில் அம்மா தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். யாரோ என்பது மாதிரி பார்த்துவிட்டுக் குடத்தை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள். குடம் நிரம்பி வழிந்தது. பின்னால் நின்ற ஒருத்தி, "தண்ணி எப்படி வேஸ்ட்டாகுது பாரேன், இவங்களுக்கெல்லாம் அவேர்னஸே இல்ல" என்றாள். அவளை அப்படியே பிடித்து ஊருணிக்குள் தள்ளிவிடலாம் போலிருந்தது.

ஜூலை 11, வியாழன்

அம்மா கேட்டாள்: "நீங்க எல்லாரும் இங்கிட்டு வர்ற நேரத்தச் சொல்லிரு. நான் குழாயடிக்கு வராம இருந்துக்கிறேன்."

சொல்லிவிட்டேன்.

ஜூலை 28, ஞாயிறு

இத்தனை நாளாக அஸ்வத் கூடத்தை ஒரு பெட்டி மாதிரியே வரைந்துகொண்டிருந்தான். நான் அதை நடுவில் கிழித்தேன். இரண்டு பாதியாக்கி, நடுவில் ஒரு பாதை. சுவர் ஓட்டையில் ஆரம்பித்து, கூடத்தின் நடுவே வந்து, மெயின் ரோட்டுக்குப் போகும். தெரு ஆட்கள் கட்டிடத்துக்குள்ளேயே நடந்து போவார்கள். போகிற போக்கில் சுவரில் மாட்டியிருப்பதைப் பார்ப்பார்கள். படி கிடையாது, சாய்வுதளம் மட்டும்தான். அஸ்வத் பார்த்துவிட்டு, "லூசு, இது பிரமாதம்டி" என்றான்.

சாய்வு எவ்வளவு இருக்க வேண்டும், வண்டி திரும்ப எவ்வளவு இடம் வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. அதை நம்பாமல் இன்றைக்கு அப்பாவை அவர் வண்டியோடு தெருவில் திருப்பித் திருப்பி ஓட்டவைத்து அளந்தேன்.

"என்ன எதுக்குடி கோயில் மாடு மாதிரி சுத்தவிடுற?" என்று கத்தினார். ஆனாலும் நான் போதும் என்ற பிறகும் இன்னொரு சுற்று போய்க் காட்டினார். அப்புறம் டேப்பைச் சுருட்டிக்கொடுத்துக்கொண்டே கேட்டார்: "நம்ம வீடு படத்துல வருமா?"

"வரும்ப்பா" என்றேன்.

ஆகஸ்ட் 7, புதன்

ரிவ்யூ. மகுடபதி சார் எங்கள் தாளின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். மற்றவர்கள் தாளில் சிவப்புப் பேனாவால் கிறுக்கித் தள்ளுகிறவர், எங்கள் பாதையின் மேல் பேனாவை வைக்கவில்லை. "இது யார் ஐடியா?" என்றார். அஸ்வத் என்னைக் காட்டினான்.

அவன் பை ஜிப்பைப் பஸ் ஸ்டாப்பில் மாற்றிக்கொண்டு வந்தானாம். "அந்த ஜிப் அண்ணன் செம ஜாலி டைப்டி. நான் ஆர்க்கிடெக்ட்னு சொன்னேன். அப்ப எங்க வீட்டு ஒழுகல நிறுத்திக் குடுங்க தம்பிங்கிறாரு" என்று சிரித்தான். என்னால் சிரிக்க முடியவில்லை. அப்பாவுக்கு வாய் கொஞ்சம் அதிகம்தான்.

ஆகஸ்ட் 21, புதன்

நாளை மறுநாள் ஜூரி, வெளியாட்கள் வந்து மதிப்பிட்டுப் பரிசு சொல்வார்கள். நாளைக்கே வரைபட ஷீட்டை ப்ரிண்ட் போட வேண்டும். அஸ்வத் சைட் ப்ளானைக் காட்டினான். சுவருக்கு அப்பால் முழுக்க மரம். பச்சைப் பச்சையாக, வட்டம் வட்டமாக, எங்கள் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே தோப்பு.

எங்கள் படிப்பில் இது எல்லாரும் செய்கிற வேலைதான். பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அளக்கவில்லையா, மரத்தைப் போடு. கட்டிடத்தின் மூலை அசிங்கமாக வந்துவிட்டதா, முன்னால் ஒரு மரத்தைப் போடு. கம்ப்யூட்டரில் மரத்தை ஒரு தடவை வரைந்தால் போதும், அப்புறம் விதை தூவுகிற மாதிரி தூவிக்கொண்டே போகலாம். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

"அங்க மரமே கிடையாதுடா. வீடுல்ல இருக்கு" என்றேன்.

"தெரியும்டி. போய் ஒவ்வொரு வீடா அளந்து வரையணுமே. நாளைக்கு ப்ரிண்ட். யார் போவா? நமக்கு அங்க யாரைத் தெரியும்?"

நான் அவனைக் கண்டபடி திட்டினேன். சோம்பேறி, கண்ணில் பார்த்ததை வரையத் தெரியாதவன் என்றெல்லாம் திட்டினேன். அவன் காதில் வாங்கவே இல்லை. "சரி, நீ என்ன சொல்றியோ அத வரைஞ்சிடலாம். எந்த வீடு எங்க இருக்குன்னு சொல்லு" என்று மவுஸை என் பக்கம் நகர்த்தினான்.

நேரமில்லை. அப்படியே விட்டுவிட்டேன். ஷீட்டின் கீழ் மூலையில் என் பெயர் முதலில், அவன் பெயர் இரண்டாவது.

ஆகஸ்ட் 23, வெள்ளி

முதலிடம்.

சென்னையிலிருந்து வந்த ஜூரி அம்மா, "சுற்றுப்புறத்தை இவ்வளவு மரியாதையா உள்ளே அழைச்ச டிசைனை நான் மாணவர்கள்கிட்ட பார்த்ததில்ல" என்றார். தாளாளர் மேடையில் கைகொடுத்தார். மர வட்டங்களைப் பற்றி ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. "பசுமை நல்லா வந்திருக்கு" என்று மட்டும் ஒருத்தர் சொன்னார்.

அம்மா கேசரி கிண்டினாள். அப்பா படத்தைக் காட்டச் சொன்னார். கல்லூரியில் வைத்துக்கொண்டார்கள் என்றேன். அது உண்மைதான்.

செப்டம்பர் 12, வியாழன்

பூமி பூஜை. மேற்கு மூலையில் ஹாலோ பிளாக் வந்து இறங்குகிறது. ஓட்டைக்கு இரண்டு பக்கமும் கயிறு கட்டியிருக்கிறார்கள். அப்பா கயிற்றைத் தூக்கிவிட்டுப் போகிறார், வாட்ச்மேனும் கண்டுகொள்வதில்லை. தெருவில் பேச்சாக இருக்கிறது. "வழிய விட்டுத்தான் கட்டுறாங்களாம், எம் மக காலேசுல கேட்டுட்டா" என்று அப்பா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, வரைந்ததே நான்தானே.

செப்டம்பர் 27, வெள்ளி

கல்லூரியில் கண்காட்சி. வாசலில் "அக்கம்பக்கத்தார் அனைவரும் வருக" என்று பேனர். யார் வரப்போகிறார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

அப்பா வந்தார்.

போன தீபாவளிக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, முன்வாசல் வழியாக, வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்தார். கட்டிடக்கலைத் துறையின் கூடத்துக்குப் படிகள் உண்டு. எங்கள் துறையில் சாய்வுதளம் கிடையாது, அதைப் பற்றி யாருக்கும் வெட்கமும் கிடையாது. அஸ்வத்தும் இன்னொருத்தனும் வண்டியோடு அவரைத் தூக்கிவந்தார்கள். "ஜிப் அண்ணே, நம்ம ஷீட்ட பாருங்க" என்று அஸ்வத்தே கூட்டிவந்து நிறுத்தினான். நான் ஷீட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. படத்தைத்தான் பார்த்தார். "ஊருணித் தெரு எங்க தம்பி இருக்கு?"

"இதாண்ணே, இந்தப் பக்கம்."

"இது பூரா மரமால்ல இருக்கு."

"அது சும்மா, சுற்றுப்புறம் காட்டணும்ல, அதுக்குப் போட்டதுண்ணே."

அப்பா வண்டியை இன்னும் கிட்டே நகர்த்தினார். விரலை வைத்துப் பாதையைத் தேடினார். கூடத்துக்குள் வந்த பாதையைப் பிடித்துக்கொண்டு சுவர் வரை போனார், சுவரைத் தாண்டினார், அங்கேயே விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். அப்புறம் கீழ் மூலையில் இருந்த பெயரைப் படித்தார். அப்போதுதான் என்னைப் பார்த்தார்.

"இத வரைஞ்சது நீங்களாம்மா?"

என்னை "நீங்க" என்றார். பிறந்ததிலிருந்து என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"ஆமாண்ணே" என்றேன்.

"நல்லாருக்கும்மா. பச்சப்பசேல்னு இருக்கு" என்றார். வண்டியைத் திருப்பினார். பையன்கள் தூக்கி இறக்கிவிட்டார்கள்.

செப்டம்பர் 28, சனி

அப்பா சாப்பிடவில்லை. அம்மா என்ன நடந்தது என்று என்னைக் கேட்டாள். அஸ்வத் மேல் எனக்கு வருகிற கோபத்துக்கு அளவே இல்லை.

அக்டோபர் 8, செவ்வாய்

முதல் வேலையே சுவர்தானாம். காலையில் போகும்போது ஓட்டை இருந்தது, மாலையில் முழங்கால் உயரத்துக்கு ஹாலோ பிளாக் ஏறிவிட்டது. நான் தாண்டிவிடலாம், அப்பாவின் வண்டி தாண்டாது.

சைட் இன்ஜினியரிடம் போய், "இங்க பாதை வருது சார், சுவர் வராது" என்றேன். அவர் எங்கள் ஷீட்டையே மேசையில் விரித்துவைத்திருந்தார். அதே ஷீட்டைத்தான் கட்டிட அனுமதிக்கும் கொடுத்திருக்கிறார்களாம்.

"பாதை உள்ளுக்குள்ள இருக்கும்மா, அத அப்படியேதான் போடுறோம். ஆனா சுவத்துல எதுக்கு வாசல்? அங்கிட்டு எங்க போகும்? தோப்புக்கா?"

"தோப்பு இல்ல சார், வீடு இருக்கு. நீங்க எட்டிப் பாருங்க."

"நான் பாக்குறது இருக்கட்டும். ட்ராயிங்ல மரம்தானே இருக்கு. போட்டது நீங்கதானே."

என் பெயருக்கு நேராகப் பென்சிலை வைத்துக் காட்டினார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். யார் மேலாவது பாய்ந்தே தீர வேண்டும் என்று மகுடபதி சார் அறைக்குப் போனேன். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"பாதுகாப்பு காரணமா நிர்வாகம் சுவர் வேணும்ங்கிறாங்க. நான் பேசியிருக்கேன். வெறும் சுவரா விடல. அந்தத் தெருவோட வாழ்க்கையையே அதுல பெயிண்ட் பண்ணப்போறோம். குடம், கொடியில சேலை, விளையாடுற பசங்க. பார்வையால ஒரு இணைப்பு கிடைச்சிடும்."

சேலை காயப்போடுகிறவள் இந்தப் பக்கம் வர முடியாது, ஆனால் அவள் சேலை வரலாம். வண்டி வர முடியாது, அதன் படம் வரலாம். இதைத்தானா இந்த மனிதர் ஆறு வாரம் பலகையில் எழுதி எழுதிக் கற்றுக்கொடுத்தார்? டீ தம்ளரைத் தட்டிவிட்டு வந்திருக்க வேண்டும். "சரி சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். என் வாய்க்கு இப்படிப்பட்ட இடத்தில்தான் பூட்டு விழும்.

அக்டோபர் 15, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. சுவர் இடுப்பளவுக்கு வந்துவிட்டது. இத்தனை நாளும் தெரு ஆட்கள் அப்பாவை வண்டியோடு தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள். இன்றைக்கு அவர் யாரையும் கூப்பிடவில்லை. தையல் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு சப்வே வழியாகப் போயிருக்கிறார். நடுத்தண்ணீரில் வண்டியின் சங்கிலி அறுந்துவிட்டது. பின்னால் லாரி வந்து ஹாரன் அடித்திருக்கிறது. எதிரே பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்த இரண்டு பேர் அதை விட்டுவிட்டு வந்து இழுத்து வெளியே போட்டிருக்கிறார்கள். உட்கார்ந்திருந்தவருக்கு நெஞ்சு வரை தண்ணீராம். மெஷின் தண்ணீருக்குள் விழுந்து, அப்புறம்தான் துழாவி எடுத்திருக்கிறார்கள்.

நான் கல்லூரியிலிருந்து வந்தபோது அப்பா போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார். அம்மா என்னைப் பார்த்ததும் ஆரம்பித்தாள்.

"நாலு வருசமா இதத்தான் படிச்சியாடி? உங்கப்பன் போற வழிய எப்பிடி அடைக்கிறதுன்னு?"

"நானா அடைச்சேன்? காலேஜ்காரன் அடைக்கிறான்."

"அவன் அடைக்கிறான். நீ இருந்த எடமே தெரியாம அழிச்சுக் குடுத்த."

நான் திருப்பிக் கத்தினேன். பீஸ் கட்டவா, படிக்கவா, எல்லாருக்கும் பயந்து பயந்து நடக்கவா, எனக்கு எத்தனை கை இருக்கிறது என்று கத்தினேன். யாரும் என்னை நடிக்கச் சொல்லவில்லை என்று அம்மா சொன்னாள். போர்வைக்குள்ளிருந்து அப்பா, "விடு. அவளுக்கு நான் யாரோ அண்ணன்தான" என்றார். பஸ் ஸ்டாப்பில் பேசிக்கொள்ளாதது அப்பா சொன்ன ஏற்பாடுதான். ஆனால் அவர் சொன்ன அன்றைக்கு, அதெல்லாம் வேண்டாம்ப்பா என்று நான் ஒரு வார்த்தை சொல்வேனா என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அது அப்போதே தெரியும்.

அக்டோபர் 17, வியாழன்

மகுடபதி சாரிடம் சொல்லிவிட்டேன். "அந்த மரத்துக்கு அடியில என் வீடு இருக்கு சார்."

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். குரலில் கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டார். எனக்கு இன்னும் கோபம் வந்தது. "நீங்களும்தான் சைட் விசிட்டுக்கு வந்தீங்க சார். வீட்டப் பாத்தீங்க. ஷீட்ல மரத்தப் பாத்துட்டுக் கையெழுத்தும் போட்டீங்க" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் குறைதீர் கூட்டம், அங்கே போய் என் வரைபடம் தப்பு என்று எழுதிக்கொடுக்கப் போகிறேன் என்றேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். அப்படிச் செய்தால் பரிசு போகும், இந்த செமஸ்டர் போகும், நிர்வாகம் அதற்கு மேலும் செய்யும், தன்னால் ஒன்றும் சொல்ல முடியாது என்றார்.

"தெரியும் சார்" என்றேன். கதவைத் திறந்துவிட்டு வந்தேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

நேற்றும் இன்றும் தெருவை அளந்தேன். வீடு வீடாக, வாசல், ஜன்னல், அடுப்படி, குழாயடி, ஊருணிக்கரைப் படி. நடுவில் வண்டிப்பாதை. டேப்பின் மறு முனையைச் சின்னப்பொண்ணு அத்தை பிடித்துக்கொண்டது. பிடித்துக்கொண்டே வாயைச் சும்மா வைக்கவில்லை.

"இப்பத்தான் எங்க வீடெல்லாம் கண்ணுக்குத் தெரிஞ்சுச்சாக்கும்."

"ஆமாத்தே."

"அந்தா போறாளே பெரிய படிப்புக்காரின்னு நாங்க பெருமையா பாத்தா, எங்கள எதுக்கால பாத்தாக்கூட மூஞ்சிய அங்கிட்டுத் திருப்பிக்குவ."

"ஆமாத்தே. டேப்ப நேரா புடி."

"புடிச்சுட்டுத்தான இருக்கேன், கத்தாதடி."

அத்தை மாதிரியே தெருவில் எல்லாரும் ஆளுக்கொரு வசவு வைத்துவிட்டார்கள். வாங்கிக்கொண்டேன். மனுவில் தெருவே கையெழுத்துப் போட்டிருக்கிறது. அப்பா போட்டார், ஆனால் என்னிடம் பேசவில்லை. நாளைக்குக் கூட வருவாரா என்று அம்மா கேட்டதற்கு, "மெசின ரிப்பேர் பண்ணி இன்னைக்குத்தான் குடுத்திருக்கான், பொழப்பு இருக்கு" என்றாராம்.

அக்டோபர் 21, திங்கள்

விடிந்ததும் தெரு ஆட்கள் சுவரைத் தாண்டி அப்பாவைத் தூக்கி வைத்தார்கள். நான் பிரிண்ட் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனபோது கல்லூரிக் கூட்டம் முழுக்க அங்கே நின்றது. அப்பா அஸ்வத்தின் பையைத் தைத்துக்கொண்டிருந்தார். மறுபடியும் பையைக் கிழித்துக்கொண்டு வந்திருக்கிறான்.

எத்தனையோ நாள் அந்த இடத்தைத் தலையைக் குனிந்துகொண்டு தாண்டியிருக்கிறேன். இன்றைக்குப் போய் வண்டிக்கு நேராக நின்றேன்.

"அப்பா, கெளம்புங்க. நேரமாச்சு."

வேண்டுமென்றேதான் சத்தமாகச் சொன்னேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பினார்கள். என் வகுப்புப் பிள்ளைகளும் திரும்பினார்கள். அப்பா நிமிரவில்லை. தையலை முடித்து, நூலைப் பல்லால் கடித்து, முடிச்சுப் போட்டார். அவர் இப்போது "நீங்க யாரும்மா" என்று கேட்டாலும் நான் வாங்கிக்கொண்டுதான் ஆக வேண்டும்.

"தம்பி, மிச்சக் காச நாளைக்கி வாங்கிக்க. எம் மக கூப்புடுறா" என்றார்.

அஸ்வத் என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். "ஈஷு, இவரு..."

"எங்கப்பா. எம் பேரு பாண்டீஸ்வரி. நீ மரம் போட்ட எடத்துல எங்க வீடு இருக்கு."

அவன் முகம் சிவந்துவிட்டது. அப்புறம், "மரம் போட்டது நான்தானே. மனுவுல என் பேரையும் எழுதிக்க" என்று பேனாவை எடுத்தான். நல்லவன்தான். அதுதான் எரிச்சல் என்று முன்பே எழுதியிருக்கிறேன்.

கலெக்டர் ஆபீசில் வரிசை வாசல் வரை நின்றது. எங்கள் முறை வந்தபோது ஒரு பெண் அதிகாரி இரண்டு வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்றில் தோப்பு, ஒன்றில் தெரு.

"ரெண்டுலயும் ஒரே பேரு இருக்கு. எதும்மா சரி?"

"வீடு இருக்கிறதுதான் சரி மேடம். மரம் இருக்கிறது பொய். அத வரைஞ்சதும் நான்தான்."

"எதுக்கு அப்படி வரைஞ்சீங்க?"

நேரமில்லை என்று சொல்லலாம். அதைத்தானே இந்த நோட்டில் கூட எழுதிவைத்திருக்கிறேன்.

"அங்க இருக்கேன்னு யாருக்கும் தெரியக் கூடாதுன்னு இருந்தேன் மேடம்."

அவர் என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். வழி எத்தனை வருடமாக இருக்கிறது என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா கல்லூரிக்கு முன்னால் வண்டி போன காலத்திலிருந்து ஆரம்பித்துவிட்டார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கும் வரை நிறுத்தவில்லை. தாசில்தார் வந்து நேரில் பார்க்க வேண்டும், அதுவரை சுவர் வேலையை நிறுத்த வேண்டும் என்று அதிகாரி மனுவின் மேல் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஜெயித்தோமா இல்லையா என்று இப்போதைக்குச் சொல்ல முடியாது.

சாயங்காலம் வரும்போது, மழையில் வேலை நகராததால் சுவர் இன்னும் இடுப்பளவில்தான் நின்றது. வேலையாட்கள் போய்விட்டார்கள். தெரு ஆட்கள் வந்து தூக்கும் வரை நானும் அப்பாவும் கல்லூரிப் பக்கமே காத்திருந்தோம். என் கையிலிருந்த புது வரைபடத்தை வாங்கி விரித்தார். நம்ம வீடு எங்கே என்று நான் காட்டப் போனேன், கையைத் தட்டிவிட்டார். அவரே தேடிக் கண்டுபிடித்தார். குழாயடியைப் பார்த்தார், சின்னப்பொண்ணு அத்தை வீட்டைப் பார்த்தார், வண்டிப்பாதையில் விரலை வைத்துக்கொண்டு மெயின் ரோடு வரை போய்த் திரும்பி வந்தார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. மரத்துல மட்டும் ஒன்னு ரெண்ட அப்பிடியே விட்டுருக்கலாம்ல" என்றார். "நம்ம தெருவுல எங்கடி இருக்கு நெழலு?"

மறுபடியும் "டி" போட்டுவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் கோபம் எங்கேயும் போய்விடவில்லை. கல்லூரியிலிருந்து செல்லுக்கு மெசேஜ் வந்திருக்கிறது, நாளை காலை முதல்வர் அறைக்கு வரச் சொல்லி. போவேன். முன்வாசலுக்குச் சுற்றிப் போக மாட்டேன். வீட்டிலிருந்து நேராக, இந்தச் சுவரை ஏறிக் குதித்துத்தான் போவேன். முதல் பஸ் வந்து எல்லாரும் இறங்கி நிற்கிற நேரமாகப் பார்த்துப் போவேன்.